‘எக்ஸ்ரே நார்மல்’: இரண்டு மருத்துவ வழிகாட்டிகளும் மணவூரும்

வயதான ஒருவர் கீழே விழுகிறார். இடுப்பு மூட்டில் வலி, கால் ஊன்ற முடியவில்லை. எந்தப் படம் முதலில் எடுக்க வேண்டும், அதில் ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்து எது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆவணங்களில் பலரும் மேற்கோள் காட்டும் இரண்டை இந்த மாதம் உட்கார்ந்து படித்தேன். ஒன்று, அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வெளியிடும் தகுதி அளவுகோல்கள். இன்னொன்று, பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2011இல் வெளியிட்டு, பிறகு அவ்வப்போது திருத்திவரும் இடுப்பு முறிவு வழிகாட்டி.

முதலிலேயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. ஆனால் இரண்டுமே யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று பொதுவில் வைக்கப்பட்டவை. நாவலுக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். வழிகாட்டிக்கும் எழுதலாம், தப்பில்லை. அதுவும் ஒரு வாசகரை, ஓர் ஊரை மனதில் வைத்து எழுதப்பட்ட பிரதிதான். அந்த ஊரில் ஸ்கேன் அறை பக்கத்து வார்டில் இருக்கிறது. எங்கள் மணவூரில் அது ரயில் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. இந்த வித்தியாசம் அந்தப் பிரதிகளை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவள்ளூர், கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம் தாண்டினால் மணவூர். அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு, நடராஜர் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிய ஊர். அரக்கோணத்தில் வடக்கே திரும்பினால் திருத்தணி, அதற்கப்புறம் ஆந்திரா.

ஆவணங்கள் என்ன சொல்கின்றன?

இரண்டும் சொல்வது ஏறக்குறைய ஒன்றே. முதலில் சாதாரண எக்ஸ்ரே. அதில் முறிவு தெரியாமல், சந்தேகம் மட்டும் தீராமல் இருந்தால் எம்.ஆர்.ஐ. நைஸ் இன்னொரு படி போகிறது: 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. கிடைக்காது என்றாலோ, நோயாளிக்கு அது கூடாது என்றாலோ, சி.டி. ஸ்கேனை யோசிக்கலாம். அமெரிக்க ஆவணம் ஒவ்வொரு பரிசோதனையையும் ‘பொதுவாகப் பொருத்தம்’, ‘பொருந்தலாம்’, ‘பொதுவாகப் பொருந்தாது’ என்று தரம் பிரித்து அட்டவணை போடுகிறது.

இந்த வரிசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காரணம் எளிமையானது. தொடை எலும்பின் மேல்முனை பந்து மாதிரி இருக்கும். இடுப்பெலும்பில் இருக்கும் குழியில் அது உட்கார்ந்திருக்கும். பந்துக்குக் கீழே ஒடுங்கிய பகுதிக்குக் கழுத்து என்று பெயர். எலும்பு தேய்ந்த வயதில் விழுந்தால் பெரும்பாலும் உடைவது இந்தக் கழுத்தும் அதற்குச் சற்றுக் கீழேயுள்ள பகுதியும்தான். உடைந்த துண்டுகள் நகர்ந்திருந்தால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். நகராமல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நின்றால், கீறல் விட்ட மண்பானை மாதிரி, வெளிக்கோடு அப்படியே இருக்கும். இடுப்பு முறிவுகளில் நூற்றுக்கு 2 முதல் 10 வரை முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பது மருத்துவ நூல்களில் அடிக்கடி காணப்படும் கணக்கு.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது எலும்பின் ஓரத்தை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மஜ்ஜையையும். உடைந்த இடத்தில் மஜ்ஜையில் நீர் கோத்துக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே அது படத்தில் தெரிந்துவிடும், முறிவு ஒரு கறுப்புக் கோடாக நிற்கும். இந்த ஒரு சந்தேகத்தைத் தீர்க்க முழு நீளப் பரிசோதனைகூட வேண்டாம், கால் மணி நேரத்துக்குள் முடியும் சுருக்கமான முறையே போதும். சி.டி. இன்னும் வேகமானது, அதிக இடங்களில் இருப்பது. ஆனால் தேய்ந்த எலும்பில் நகராத முறிவு சில சமயம் அதன் கண்ணிலும் படாது.

இதுவரை சரி. இனி என் மறுப்புகள்.

‘இடுப்பு’ என்று சொன்னால் எது?

இரண்டு ஆவணங்களும் நோயாளிக்கு வலிப்பது இடுப்பு மூட்டு என்று தெரிந்த பிறகே தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் அந்த மூட்டுக்குத் தனிச் சொல் இருப்பதால் இது பெரிய சிக்கலாகத் தெரியாது. தமிழில் கதை வேறு. ‘இடுப்பு வலிக்குது’ என்று ஒருவர் சொன்னால் அது முதுகின் கீழ்ப்பகுதியாக இருக்கலாம், வேட்டி கட்டும் இடமாக இருக்கலாம், பக்கவாட்டு எலும்பாக இருக்கலாம். கர்ப்பிணி சொன்னால் அது பிரசவ வலி. இடுப்பு மூட்டின் வலி உண்மையில் பெரும்பாலும் தெரிவது தொடையும் அடிவயிறும் சேரும் தொடை இடுக்கில். அந்த இடத்தைக் கைவைத்துக் காட்டக் கூச்சப்பட்டு, பொதுவாக ‘இடுப்பு’ என்று சொல்லி முடித்துவிடும் பெண்கள் நிறைய. சிலருக்கு வலி கீழே இறங்கி முழங்காலில் மட்டும் தெரியும், ஏன்னா இரண்டு மூட்டுக்கும் பொதுவான நரம்புகள் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பேசும் தெலுங்கில் இந்தக் குழப்பம் குறைவு. கீழ்முதுகைச் சுற்றிய பகுதிக்கு ‘நடுமு’. தொடை சேரும் மூட்டுக்கு ‘துண்ட்டி’. வீட்டில் ‘துண்ட்டி’ என்று அழுத பாட்டி ஆஸ்பத்திரியில் தமிழில் ‘இடுப்பு’ என்று சொல்ல, சீட்டில் முதுகெலும்பு எக்ஸ்ரே என்று எழுதப்பட வாய்ப்புண்டு.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. முதுகெலும்பை ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒன்று கண்டிப்பாகத் தெரியும். வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் வட்டுப் பிதுக்கம் இருந்தது. ஆகவே வயதானவரின் முதுகைப் படம் எடுத்தால் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று ரிப்போர்ட் வருவது ஏறக்குறைய நிச்சயம். வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி. தொடை எலும்பின் கழுத்து மட்டும் உள்ளே கீறலோடு கிடக்கும்.

எந்த மூட்டு என்று தெரிந்துகொள்ளும் வேலை அட்டவணைக்கு முன்னால் வருகிறது. படுக்க வைத்துக் காலை மெதுவாக உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலே தொடை இடுக்கில் வலிக்கிறதா என்று தெரியும். செலவு பூஜ்யம். அட்டவணையில் இந்தப் பரிசோதனைக்கு இடமே இல்லை.

‘போதுமான தரம்’

நைஸ் ஆவணத்தில் எனக்குப் பிடித்த இடம், எக்ஸ்ரே போதுமான தரத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. பிடித்த இடமே குறையும்கூட, ஏனென்றால் அது ஒரு சின்ன அடைமொழியாகக் கடந்து போகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு அதுதான் விஷயமே.

தொடை எலும்பின் கழுத்து நேராக நிற்பதில்லை, சற்று முன்பக்கமாகத் திரும்பியிருக்கும். அதனால் எக்ஸ்ரே எடுக்கும்போது காலைச் சுமார் 15 டிகிரி உள்பக்கம் திருப்பி வைத்தால்தான் கழுத்து முழு நீளத்தில் படத்தில் விழும். வலியில் இருப்பவர் காலை இயல்பாகவே வெளிப்பக்கம் சாய்த்துத்தான் வைத்திருப்பார். அப்படியே எடுத்தால் பக்கத்து எலும்பு முடிச்சு கழுத்தின் மேல் படிந்து மறைக்கும். சரியான நிலையில் இரண்டு பக்க மூட்டும் தெரியும்படி ஒரு படம், பக்கவாட்டில் இன்னொரு படம் தேவை. ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு ‘நார்மல்’ என்றால் அந்தச் சொல்லுக்குப் பாதி மதிப்புதான். அதற்காக வலிக்கிற காலை வலுக்கட்டாயமாகத் திருப்பவும் கூடாது. முடியாவிட்டால், இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று எழுதிவிடுவதே நேர்மை.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். எழுபது தாண்டிய ஒரு பாட்டி வாசல் படியில் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ‘எலும்பு ஒண்ணும் ஒடையல, சதைப்பிடிப்புதான், மெதுவா நடக்க விடுங்க’ என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அங்கே யாரும் பொய் சொல்லவில்லை, படத்தில் நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. பாட்டி எட்டு நாள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ‘பயந்து போய் நடக்க மாட்டேங்குது’ என்று வீட்டில் திட்டும் வாங்கினார். ஒன்பதாம் நாள் கழிவறையிலிருந்து எழும்போது, இரண்டாம் முறை விழாமலேயே, கால் மடங்கிவிட்டது. இந்த முறை எக்ஸ்ரே தேவைப்படாத அளவுக்குக் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

நகராத முறிவாக இருக்கும்போதே கண்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று திருகாணிகளோடு முடியும் சிறிய அறுவைச் சிகிச்சை. நகர்ந்த பிறகு, அந்த வயதில், பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டியதாகிறது. கழுத்தின் மேல் ஊர்ந்து போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள்தான் பந்துக்குச் சோறு போடுகின்றன. முறிவு நகர்ந்தால் அவை அறுந்து பந்து செத்துவிடும் அபாயம் உண்டு. இடுப்பு முறிவு சாதாரண விஷயமும் இல்லை. பிரிட்டன் கணக்குப்படியே, இடுப்பு உடைந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். முறிவு மட்டுமே அதற்குக் காரணமல்ல, வயதும் மற்ற நோய்களும் சேர்ந்துதான். ஆனாலும் படுக்கையில் கழியும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது.

இந்த எட்டு நாள் எந்த ஆவணத்தில் இருக்கிறது? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆராய்ச்சிகளிலும் அதே நிலைதான். 2020இல் ‘லான்செட்’ இதழில் வந்த ‘ஹிப் அட்டாக்’ ஆய்வு பெரிய முயற்சி. இந்தியாவும் சேர்ந்த 17 நாடுகள், 2,970 நோயாளிகள். அறுவைச் சிகிச்சையைச் சராசரியாக 6 மணி நேரத்தில் செய்வதா, 24 மணி நேரத்தில் செய்வதா என்று ஒப்பிட்டார்கள். 90 நாளில் இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. முக்கியமான ஆய்வுதான். ஆனால் அந்த மணிக்கணக்கு, முறிவு கண்டுபிடிக்கப்பட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது. எங்கள் பாட்டிக்கு அந்தக் கடிகாரம் ஒன்பதாம் நாள்தான் ஓடவே ஆரம்பித்தது. அதற்கு முந்தைய நாட்களில் அவர் எந்தப் பட்டியலிலும் இடுப்பு முறிவு நோயாளி இல்லை. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற இரண்டு சொற்கள் அவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டன.

புத்தூர் கட்டு

எங்கள் பகுதியைப் பற்றி எழுதிவிட்டுப் புத்தூரைத் தாண்டிப் போக முடியாது. திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா போகும் ரயில் பாதையில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது புத்தூர். பச்சிலை விழுது, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, துணி என்று கட்டும் அந்த வைத்தியத்தின் பெயரில் சென்னை வரை போர்டு மாட்டியிருக்கிறார்கள். ‘எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லேங்கிறாங்க, ஆனா வலி போகல’ என்ற நிலையில் எங்கள் ஊர்க்காரர்கள் அடுத்து நினைப்பது எம்.ஆர்.ஐ.யை அல்ல, புத்தூரை.

அவர்களைக் கிண்டல் செய்ய நான் தயாராக இல்லை. முன்கையிலும் மணிக்கட்டிலும் நகராத முறிவு என்றால், அசையாமல் கட்டி வைத்தாலே எலும்பு சேர்ந்துவிடும். மாவுக்கட்டு செய்வதும் அடிப்படையில் அதுதான். அப்படிக் குணமானவர்கள் ஊரில் நிஜமாகவே இருக்கிறார்கள், நம்பிக்கை வந்தது சும்மா இல்லை. சிக்கல், கையில் கிடைத்த நம்பிக்கையை இடுப்புக்கு மாற்றுவதில் இருக்கிறது. தொடை எலும்பின் கழுத்து தசைகளுக்கு அடியில், மூட்டு உறைக்குள் இருக்கிறது. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அதை அசையாமல் பிடிக்க முடியாது. எலும்பைச் சுற்றிப் புது எலும்பு வளர உதவும் மேலுறையும் அந்த இடத்தில் சரியாக இல்லை. அதனால் கட்டினால் சேரும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கவனித்தால், கட்டு வைத்தியத்துக்கு நோயாளியைத் தள்ளியது மூடநம்பிக்கை மட்டுமல்ல. நவீன மருத்துவம் கொடுத்த பாதிப் பதிலும் சேர்ந்துதான் தள்ளியது. ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்ட இடத்துக்கு மறுபடி யார் போவார்கள்?

மற்ற காரணங்களுக்கும் இதே கதை

முறிவு என்று இல்லை, திடீர் இடுப்பு மூட்டு வலியின் வேறு சில காரணங்களிலும் முதல் எக்ஸ்ரே ஏமாற்றும். மும்பை இந்துஜா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் சஞ்சய் அகர்வாலாவும் சகாக்களும் 2021இல் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள். கொரோனா கண்டறியப்பட்டுச் சராசரியாக 58 நாளில், ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தொடை எலும்பின் தலை அழியும் நோயின் வலி தொடங்கியிருக்கிறது. வழக்கமாக ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும் என்று நூல்கள் சொன்ன நோய் இது. இதன் ஆரம்ப நிலையில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில் மட்டுமே தெரியும். எக்ஸ்ரேயில் தெரியும் வரை காத்திருந்தால் மருந்தால் காப்பாற்றும் காலம் கடந்திருக்கலாம்.

குழந்தை காய்ச்சலோடு காலை ஊன்ற மறுத்தால் இன்னும் அவசரம். மூட்டுக்குள் சீழ் கோத்திருக்கலாம். அங்கே எக்ஸ்ரேயை விட ரத்தப் பரிசோதனையும் சாதாரண அல்ட்ராசவுண்டும்தான் உடனே உதவும். மூட்டில் நீர் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டு காட்டிவிடும், அதைப் பார்த்தபடியே ஊசியால் எடுத்துச் சோதிக்கலாம். அல்ட்ராசவுண்டு எங்கள் பக்கத்துச் சிறு ஊர்களிலும் கிடைக்கும் கருவி.

அப்படியானால் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா? அதுவும் வேண்டாம். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் இடுப்பில் வலியே இல்லாத 45 தன்னார்வலர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, 69 சதவீத மூட்டுகளில் குழியின் விளிம்புக் குருத்தெலும்பில் கிழிசல் தெரிந்தது. கேள்வியில்லாமல் எடுத்த படம் தேவையில்லாத பதிலைக் கொண்டுவரும். எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது, விழுந்த பிறகு, அல்லது ஸ்டீராய்டு எடுத்த பிறகு, அல்லது வேறு தெளிவான சந்தேகத்தோடு, கால் ஊன்ற முடியாமல் இருப்பவருக்கு.

என்ன சேர்த்திருக்கலாம்?

அமெரிக்க அட்டவணையில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் கதிர்வீச்சு எவ்வளவு என்று காட்ட ஒரு கட்டம் உண்டு. கருவி இருப்பதும் இல்லாததும் தேர்வைப் பாதிக்கலாம் என்று பொதுவான ஒரு வரியும் உண்டு. தூரத்துக்குக் கட்டம் இல்லை. நைஸ் 24 மணி நேரம் என்று ஒரு எல்லையாவது வைத்தது, அந்த வகையில் அது எங்களுக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆனால் அந்த 24 மணி நேரமும் நோயாளி வார்டில் படுத்திருப்பதாகவே அதன் கற்பனை. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல அதற்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் கருவியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை நடத்துகிறது. கட்டணமும் சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவில்தான். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புது அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. எங்கள் ரயில் போய் நிற்கும் சென்னை சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. கால் ஊன்ற முடியாதவரை மின்சார ரயிலில் ஏற்ற முடியாது, அதற்கு 108 இருக்கிறது. வழி இருக்கிறது. போக வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்ளோதான்.

அதனால் என் கோரிக்கை புது மெஷின் அல்ல. விழுந்த முதியவருக்கு எக்ஸ்ரே ரிப்போர்ட் எழுதும்போது ‘நார்மல்’ என்பதற்குப் பதிலாக நான்கு வரி: இந்தப் படத்தில் முறிவு தெரியவில்லை. இதை வைத்து முறிவே இல்லை என்று சொல்ல முடியாது. கால் ஊன்ற முடியாவிட்டால் எம்.ஆர்.ஐ., கிடைக்காவிட்டால் சி.டி. தேவை. அதுவரை நடக்க விட வேண்டாம். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்தால்கூடப் போதும். தமிழில் இருந்தால் வீட்டில் இருப்பவர்கள் படிப்பார்கள்.

ஸ்டாம்ப் வரும் வரை இதைப் படிக்கும் நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் வீட்டுப் பெரியவர் விழுந்து, எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லப்பட்டு, அப்படியும் அந்தக் காலில் நிற்க முடியவில்லை என்றால், ‘பயம்’, ‘வீம்பு’ என்று அவரைத் திட்டாதீர்கள். வலி எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். தொடை இடுக்கைக் காட்டினால் நடக்க விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘எக்ஸ்ரேயில் தெரியாத முறிவா இருக்குமா, சார்?’ கேட்டதும் அடுத்த படத்துக்கு எழுதித் தருகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்வியைக் கேட்க மணவூரிலிருந்து எங்கும் போக வேண்டியதில்லை.